மாஸ்க் ஏன் தாடைக்கு இறங்குகிறது?

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு கரடு பாதி அறுபட்டு நிற்கும். ஜாக்ஹாமரும் கம்ப்ரசரும் இரைய, கிரஷரிலிருந்து வெள்ளைப் புழுதி எழும். பகல் பதினொரு மணிக்கு அங்கே வேலை செய்பவர்களைப் பார்த்தால் மாஸ்க் வைத்திருப்பவர்கள் பலரிடமும் அது மூக்கில் இருக்காது. தாடைக்குக் கீழே தொங்கும், அல்லது நெற்றிக்கு ஏறியிருக்கும். காலையில் வேலை தொடங்கும்போது ஒழுங்காகப் போட்டதுதான்.

"போட்டா மூச்சு முட்டுதுங்க" என்பார் ஜாக்ஹாமர் பிடிப்பவர். "எத்தனை தடவை சொன்னாலும் கேக்கறதில்லைங்க" என்பார் மேஸ்திரி.

இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் மேஸ்திரியின் பேச்சோடு விஷயம் முடிந்துவிடுகிறது. தொழிலாளியின் அலட்சியம் என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். மூச்சு முட்டுகிறது என்பது சாக்கு அல்ல. அது உடல் தரும் தகவல். அளக்கக்கூடிய, நூறாண்டுக்கும் மேலாக அளந்து பார்த்த தகவல். அதைக் காதில் வாங்காமல் மாஸ்க் மட்டும் வாங்கிக் கொடுத்தால் நுரையீரல் தப்பாது.

முதலில் அந்தப் புழுதியைப் பற்றி. இம்மாவட்டத்தின் கருப்பு கிரானைட் வெளிநாடு வரை போகிற சரக்கு. வியாபாரத்தில் கிரானைட் என்றாலும் பாறையியலில் அது டோலரைட். அதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. ஆனால் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் உடைபடும் சார்னோகைட், நைஸ் பாறைகளிலும், சாம்பலும் சிவப்புமான அசல் கிரானைட்டிலும் குவார்ட்ஸ் தாராளமாக இருக்கிறது. கிரானைட்டில் பொதுவாகக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அதுதான். குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. உடைக்கும்போது எழும் பெருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தூசியில்தான். நான்கைந்து மைக்ரான் அளவுக்குக் கீழே போன துகள், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் அமர்கிறது. அங்கே காவலுக்கு இருக்கும் விழுங்கணுக்கள் அதை விழுங்கி, செரிக்க முடியாமல் தாமே செத்துப்போகின்றன. இறந்த அணுக்களைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. பல ஆண்டுகளில் தழும்பு பரவி நுரையீரல் விறைக்கிறது. இதுதான் சிலிகோசிஸ். வந்தால் திரும்பாது, தூசியை விட்டு விலகிய பிறகும் வளரக்கூடியது, காசநோய்க்கும் வாசலைத் திறந்து வைப்பது. தொழிற்சாலைகள் சட்டம் 1948, கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இதை வைத்திருந்தது.

எவ்வளவு தூசி அதிகம்? அமெரிக்கா 2016-ல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.05 மில்லிகிராம் படிகச் சிலிக்கா. ஒரு தொழிலாளி ஒரு ஷிப்டில் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்று கணக்கு. அப்படியானால் நாள் முழுவதற்கும் சேர்த்து அரை மில்லிகிராம்தான் வரம்பு. காற்றில் புழுதி மிதப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும் இடத்தில் நிற்பவருக்கு இது எத்தனை சீக்கிரம் தாண்டிப்போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, பாதுகாப்பு வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்தில்லை. அந்தப் பாதுகாப்பு உடம்பிடம் என்ன விலை கேட்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

மூச்சு விடுவதும் ஒரு வேலை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது. உடல் செலவிடும் ஆக்ஸிஜனில் இரண்டு மூன்று சதவீதமே இதற்கு ஆகிறது. ஜாக்ஹாமரை அழுத்திப் பிடிக்கும்போது, கல் புரட்டும்போது, தேவை நிமிடத்துக்கு 40, 60 லிட்டர் என ஏறிவிடும். மூச்சுத் தசைகள் கேட்கும் பங்கும் பத்து சதவீதம் வரை போகலாம். இந்த நிலையில் மூக்குக்கு முன்னால் ஒரு வடிகட்டியைக் கட்டுகிறோம். அந்தக் காற்றை உதரவிதானமும் விலாத்தசைகளும் கூடுதல் அழுத்தம் கொடுத்துத்தான் இழுக்க வேண்டும். என்95 மாஸ்க்குக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சான்று தரும்போது, நிமிடத்துக்கு 85 லிட்டர் ஓட்டத்தில் உள்ளிழுக்கும் தடை 35 மில்லிமீட்டர் நீர் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு மூச்சுக்கு இது பெரிதல்ல. ஆனால் கடும் வேலையில் நிமிடத்துக்கு முப்பது மூச்சு, ஒரு நாளில் பல ஆயிரம் மூச்சு. தசை களைக்கத்தானே செய்யும்?

அதுவும் புது மாஸ்க்கின் கணக்கு. என்95-க்குள் இருப்பது பாலிபுரொப்பிலீன் இழைகளால் ஆன மெல்லிய விரிப்பு. இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். இழைகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டும் நுண்துகளை இழுத்துப் பிடிக்க முடிவது அந்த மின்னூட்டத்தால்தான். மருத்துவமனையில் இது நன்றாக எடுபடும். குவாரியில் இரண்டு மணி நேரம் போட்ட மாஸ்க்கைக் கழற்றிப் பார்த்தால் நிலைமை வேறு. வெளிப்பக்கம் சாம்பல் நிறத்தில் மாவு படிந்திருக்கும். உள்பக்கம் மூச்சின் ஈரமும் வியர்வையும் சேர்ந்து சொதசொதவென்று இருக்கும். விளிம்பில் இரண்டும் கலந்து சேறாகிக் கன்னத்தில் கோடு போட்டிருக்கும். மூக்குத் தண்டில் கம்பி அழுந்திய இடம் சிவந்து, சிலருக்குத் தோல் உரிந்திருக்கும். தூசி ஏற ஏறக் காற்று புகும் வழி சுருங்குகிறது. காலையில் இழுத்த மூச்சும் மதியம் இழுக்கும் மூச்சும் ஒரே உழைப்பில் வருவதில்லை.

இன்னொன்று, மாஸ்க்குக்குள் தங்கிப்போகும் காற்று. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 500 மில்லிலிட்டர் இழுக்கிறோம் என்றால் அதில் 150 மில்லிலிட்டர் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் இவற்றோடு நின்றுவிடும். நுரையீரலின் காற்றறைக்குப் போய்ச் சேராது. மாஸ்க் இந்தப் பயன்படாத இடத்தைப் பெரிதாக்குகிறது. விட்ட மூச்சின் கடைசிப் பகுதி மாஸ்க்குக்குள் தங்கி, அடுத்த மூச்சில் முதலில் உள்ளே போகிறது. நியோஷ் ஆய்வாளர் ரேமண்ட் ரோபர்ஜ் குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பத்து மருத்துவப் பணியாளர்களை என்95 அணிவித்து டிரெட்மில்லில் ஒரு மணி நேரம் மெதுவாக நடக்க வைத்தார்கள். மாஸ்க்குக்குள் இருந்த காற்றில் கரியமில வாயு சுமார் 3 சதவீதம், ஆக்ஸிஜன் சுமார் 17 சதவீதம். வெளிக்காற்றில் இவை 0.04, 21 என்பதை நினைத்தால் திக்கென்றிருக்கும். கொரோனா நாட்களில் இந்த எண்களைத்தான் வாட்ஸ்அப்பில் பரப்பிப் பயமுறுத்தினார்கள். ஆனால் அது மாஸ்க்குக்குள் தேங்கிய கொஞ்சக் காற்றின் அளவு. ஒவ்வொரு மூச்சிலும் அதன் பின்னால் வெளிக்காற்று வந்து கலக்கிறது. அந்தப் பத்துப் பேரின் இதயத் துடிப்பிலோ ரத்த ஆக்ஸிஜனிலோ கவலைப்படும்படி எந்த மாற்றமும் இல்லை.

அப்படியானால் மூச்சு முட்டுவது பொய்யா? இல்லை. மூச்சு போதவில்லை என்ற உணர்வை மூளைக்குள் எழுப்புவது பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவு அல்ல. கரியமில வாயுவின் சிறு ஏற்றமும், எவ்வளவு காற்று கேட்டோம், எவ்வளவு வந்தது என்று தசைகள் அனுப்பும் கணக்கும்தான். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர், சக ஆய்வாளர் பிரீஸ்ட்லியுடன் சேர்ந்து 1905-ல் கரியமில வாயுவின் இந்தப் பங்கை நிறுவினார். காற்றறையில் கரியமில வாயு வெறும் 0.2 சதவீதம் கூடினாலே மூச்சோட்டம் இரட்டிப்பாகிறது என்று காட்டினார்கள். விரல்நுனி ஆக்ஸிமீட்டர் 98 காட்டும்போதே ஒருவருக்கு மாஸ்க்கைப் பிய்த்தெறியத் தோன்றலாம். மீட்டர் சரியாக இருக்கிறது, ஆகவே உனக்கு ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்வது அறிவியல் ஆகாது.

தலைவலியும் அப்படித்தான். சிங்கப்பூரில் 2020-ல் 158 மருத்துவப் பணியாளர்களிடம் விசாரித்தபோது 128 பேர், அதாவது 81 சதவீதத்தினர், என்95-உம் கண்ணாடியும் மணிக்கணக்கில் போட்ட பிறகு புதிதாகத் தலைவலி வந்ததாகச் சொன்னார்கள். குளிரூட்டிய அறைகள் நிறைந்த ஊரின் கதை அது. தருமபுரியில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியை எட்டுவதும் தாண்டுவதும் புதிதில்லை. வெட்டவெளிப் பாறைக்குழிக்குள் கல்லே சூட்டைத் திருப்பி வீசும்.

வெப்பம்தான் இந்தக் கதையின் நடுநாயகம். வெயிலில் உடம்பைக் காப்பது வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை தோலில் முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். வறண்ட காற்றுள்ள தருமபுரி போன்ற ஊரில் இது நன்றாக வேலை செய்யும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். அந்தப் பானையைச் சுற்றி பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டினால் தண்ணீர் எப்படிக் குளிரும்? மாஸ்க்குக்குள் முகத்தின் நிலை அதுதான். வெளிவிடும் மூச்சு ஏறத்தாழ உடல் சூட்டிலேயே, ஈரம் நிறைந்து வருகிறது. மேலுதட்டைச் சுற்றி வியர்வை சுரக்கும், ஆனால் ஆவியாக வழியில்லை. மொத்த உடலின் வெப்பக் கணக்கில் அந்தச் சிறு பரப்பு பெரிய பங்கு வகிப்பதில்லை. உணர்வில்தான் அது பெரிது. முகத் தோலில் வெப்பத்தை உணரும் நரம்பு முனைகள் மிக நெருக்கம். முகம் கொதித்தால் உடம்பே கொதிப்பதாக மூளை தீர்மானித்துவிடும். முகத்தைக் கழுவினால் உயிர் வந்தது போலிருப்பதும் அதனால்தான்.

தூசி, மூச்சு, வெப்பம் மூன்றையும் ஒரே மனிதர் ஆராய்ந்திருக்கிறார் என்பது வியப்பான விஷயம். மேலே சொன்ன அதே ஹால்டேன், 1902 முதல் இங்கிலாந்தின் கார்ன்வால் வெள்ளீயச் சுரங்கங்களில் இறங்கி, இயந்திரத் துளைப்பான் பிடிப்பவர்கள் இளவயதிலேயே ஏன் சாகிறார்கள் என்று ஆராய்ந்தார். 1904-ல் வந்த அறிக்கை கல்தூசியைக் குற்றவாளியாகக் காட்டியது. துளைக்கும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சச் சொன்னது. மறு ஆண்டே, அதே சுரங்கங்களின் வெப்பத்தைப் பற்றியும் எழுதினார். காற்றோட்டமற்ற இடத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) சுமார் 31 டிகிரியைத் தாண்டினால், சட்டையைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக்கூட உடல் சூடு ஏறத் தொடங்குகிறது என்று தன் உடம்பிலேயே சோதித்துச் சொன்னார்.

நம் பக்கத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். தருமபுரியிலிருந்து நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் இறங்கிய சுரங்கம். அன்றைக்குத் தருமபுரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான், 1965-ல்தான் பிரிந்தது. அங்கே மருத்துவராக இருந்த ஏ. கேப்லன் தலைமையில் 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். பத்தில் நான்கு பேருக்கும் அதிகமானோருக்குச் சிலிகோசிஸ். அதே கேப்லன், மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிய, பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டிய அந்தச் சுரங்கத்தில் ஆட்கள் மயங்கி விழுவதைப் பற்றி 1944-ல் எழுதினார். ஈரக்குமிழ் வெப்பநிலை ஏற ஏற வேலைத்திறன் எப்படிச் சரிகிறது என்பதை லிண்ட்சே என்பவருடன் சோதித்து 1946-ல் வெளியிட்டார். நம் ஆட்களின் வியர்வையையும் நுரையீரலையும் அளந்து பெற்ற அறிவு அது. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. தூசியும் வெப்பமும் ஒன்றாகத் தாக்கும் இடங்கள் மூடப்படவில்லை.

அந்த இரண்டும் ஒன்றோடொன்று எப்படி மோதுகின்றன என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

அரை முகத்தை மூடும் மாஸ்க்கை, என்95 ஆனாலும் இருபுறமும் வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க் ஆனாலும், சரியாகப் பொருத்தி அணிந்தால் தூசி பத்தில் ஒன்றாகக் குறையும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளின் கணக்கு. வெளியே 100 பங்கு தூசி என்றால் உள்ளே 10. முழு முக மாஸ்க்குக்கு இது 50-ல் ஒன்று. உள்ளே போவது 2 பங்குதான். ஷிப்டில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் மாஸ்க்கைக் கழற்றினால் என்ன ஆகும்? அரை முக மாஸ்க்கில் 10 என்பது 19 ஆகிவிடும். பாதுகாப்பு பாதியாகிறது. முழு முக மாஸ்க்கில் 2 என்பது 11.8 ஆகிறது. அதாவது, நாள் முழுக்க ஒழுங்காகப் போட்ட மலிவு மாஸ்க்கை விட, அவ்வப்போது கழற்றிய விலையுயர்ந்த மாஸ்க் மோசம். பாதி நேரம் கழற்றிவிட்டால் எந்த மாஸ்க்கும் பேருக்குத்தான்.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு மருத்துவம் சொல்லும் அறிவுரையையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறது அது. மணிக்கு மூன்று முறை. மாஸ்க்கைக் கழற்றி, குடித்து, திரும்ப மாட்ட ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் வைத்துக்கொண்டால் மணிக்கு ஆறு நிமிடம். சரியாகப் பத்தில் ஒரு பங்கு! ஒரு அறிவுரையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் தொழிலாளி, அந்தத் தண்ணீரைத் தூசிக்குள்ளேயே நின்று குடித்தால், மற்ற அறிவுரையின் பலனில் பாதியை இழக்கிறார். இதில் அவர் செய்த தவறு என்ன?

தண்ணீர் மட்டுமா? கம்ப்ரசர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச மாஸ்க்கை இறக்கித்தான் கத்த வேண்டும். துப்ப வேண்டும், வெற்றிலை போட வேண்டும், போன் வந்தால் எடுக்க வேண்டும். கழற்றும்போது கையிலிருக்கும் தூசி உள்பக்கம் ஒட்டுகிறது. அதையே மறுபடி மூக்கில் வைக்கிறோம்.

ஆகவே கழற்றுவதைத் தடை செய்வதில் பயனில்லை. கழற்றுவதற்கு ஓர் இடம் அமைத்துத் தர வேண்டும். காற்று வரும் திசையில், தூசி எட்டாத தூரத்தில், நிழல், குடிதண்ணீர், கை கழுவத் தண்ணீர், மாஸ்க்கைத் தொங்கவிட ஓர் ஆணி. மணிக்கு ஒரு முறை அங்கே போய்ப் பத்து நிமிடம் முகத்தைக் காற்றில் காட்டி உட்கார அனுமதி. இந்தப் பத்து நிமிடத்தைக் கூலியில் பிடிக்கக் கூடாது என்பது இதில் முக்கியம். லோடு கணக்கிலும் அடிக் கணக்கிலும் கூலி வாங்குபவருக்கு ஓய்வு என்றால் நஷ்டம். நஷ்டம் என்றால் அவர் ஓய்வெடுக்காமல் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு வேலையைத் தொடர்வார்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டின் உப்பளங்கள் உட்படப் பல வேலையிடங்களில் ஆண்டுக்கணக்கில் வெப்பத்தையும் தொழிலாளர்களின் உடல் நிலையையும் அளந்து வருகிறார்கள். வெப்பமும் நீர்க்குறைவும் சிறுநீரகம் வரை போய்த் தாக்குவதை அந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இந்த வெப்பக் கணக்கில் மாஸ்க்கின் சுமையையும் சேர்த்தாக வேண்டும்.

மாஸ்க் வாங்கும்போதும் சில விஷயங்களைப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தில் தூசி மாஸ்க்குக்கு ஐ.எஸ். 9473 என்ற எண் உண்டு, அதில் எஃப்.எஃப்.பி.1, 2, 3 என்று படிகள். கல் தூசிக்கு இரண்டாம் படியாவது வேண்டும். துண்டும் கர்ச்சீப்பும் பெருந்தூசியைத் தடுக்கும், வியர்வை துடைக்கும்; காற்றறை வரை போகும் துகளுக்கு அவற்றின் நெசவு இடைவெளி அகலத் திறந்த கதவு. துணி சுகமாக இருப்பதற்குக் காரணமே காற்று அதன் ஓரங்களில் புகுந்து வருவதுதான். ஒழுங்காகப் பொருந்திய மாஸ்க் முட்டும். தளர்ந்த மாஸ்க் சுகமாக இருக்கும். சுகத்தை வைத்து மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் தப்பான மாஸ்க்கே கைக்கு வரும். இரண்டு நாள் தாடி இருந்தாலே விளிம்பு பொருந்தாமல் கசியத் தொடங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மாஸ்க் கசிகிறதா என்று பார்க்க, அதை அணிந்தவரின் தலைக்குமேல், சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சாக்கரின் கரைசலைத் கவிழ்த்த உறைக்குள் தெளித்து, நாக்கில் இனிப்புத் தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரிந்தால் கசிவு. இந்தச் சோதனைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை.

வால்வு விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கியே ஆக வேண்டும். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், வால்வு வைத்த என்95 வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. காரணம், அணிந்தவரின் மூச்சு வால்வு வழியே வடிகட்டாமல் வெளியேறிப் பிறருக்குக் கிருமி பரவும். குவாரியில் பிரச்சினை நேர்மாறு. அங்கே உள்ளே வருவதைத்தான் தடுக்க வேண்டும். வெளிவிடும் மூச்சு வால்வு வழியே தடையின்றிப் போனால் உள்ளே சூடும் ஈரமும் குறையும், மாஸ்க் அதிக நேரம் மூக்கில் தங்கும். வால்வு என்றாலே மோசம் என்ற எண்ணம் பலரிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல் வேலைக்கு அது பொருந்தாது.

பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்திலும் மாந்தோப்பிலும் மருந்தடிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பூச்சிமருந்தின் ஆவியைத் தூசி மாஸ்க் தடுக்காது. அதற்கு உயிர்ப்பூட்டிய கரி நிரப்பிய டப்பா வைத்த ரப்பர் மாஸ்க் வேண்டும். அது கனம், தடையும் கூடுதல். ஆனால் மருந்தடிப்பு வெயிலுக்கு முன் அதிகாலையில் முடிகிற வேலை. ஓரிரு மணி நேரம் தாங்கலாம். தீயணைப்பு வீரர் முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டர் இன்னொரு எல்லை. 300 பார் அழுத்தத்தில் நிரப்பிய 6 லிட்டர் சிலிண்டரில் 1,800 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று 45 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். படியேறினால் 80 லிட்டர் போகும். இருபத்திரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பத்துப் பதினைந்து கிலோ எடை, அழுத்தும் பட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒருவரின் உச்ச வேலைத்திறனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன.

மின்விசிறி பூட்டிய தலைக்கவசமும் இருக்கிறது. இடுப்பில் பேட்டரி, விசிறியே காற்றை வடிகட்டி முகத்துக்கு ஊதும். இழுக்கும் உழைப்பு இல்லை, முகத்தில் காற்றும் படும், தாடி இருந்தாலும் தளர்வான வகையை அணியலாம். விலை பல ஆயிரம் ரூபாய். ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்கக் கல் அறுப்பவருக்கும் பாலிஷ் போடுபவருக்கும் இது ஆடம்பரம் அல்ல.

மாஸ்க் கொடுப்பதற்கு முன் ஒருவருக்கு ஆஸ்துமா, இதய நோய், ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்காவில் விதி. இங்கே மாஸ்க் பெட்டியைப் பிரித்து ஆளுக்கொன்று நீட்டுவதோடு பெரும்பாலும் சரி. ஏற்கெனவே நுரையீரலில் தழும்பு விழுந்தவருக்கு மாஸ்க்கின் தடை மற்றவரை விடக் கனமாக இருக்கும். யாருக்கு அதிகம் தேவையோ அவராலேயே தாங்க முடியாது. "எனக்கு மட்டும் ஏங்க இப்படி முட்டுது" என்று ஒருவர் கேட்டால், அவரை ஊதிப் பார்க்கும் சோதனைக்கும் மார்பு எக்ஸ்ரேவுக்கும் அன்றே அனுப்ப வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2008 முதல் இருக்கிறது. கிரஷரிலிருந்து அங்கே போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருப்பதுதான் பலருக்கும் தடை.

எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது தண்ணீர். ஹால்டேன் 1904-ல் சொன்னது அதைத்தான். அமெரிக்காவில் லெய்னர் என்பவர் 1890-களின் இறுதியிலேயே உள்ளே துளையுள்ள எஃகுக் கம்பி வழியாகத் தண்ணீரைத் துளையின் அடிவரை செலுத்தும் துளைப்பானைச் செய்துவிட்டார். இந்தியச் சுரங்க விதிகளும் துளைக்கும் இடத்தில் தூசியை அடக்கச் சொல்கின்றன. மழை குறைந்த, நிலத்தடி நீர் வற்றிய தருமபுரியில் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ஜாக்ஹாமரின் நுனியில் சிறு நாசில் பொருத்திக் கான்கிரீட்டை உடைத்துப் பார்த்த நியோஷின் அனுபவத்தில், நிமிடத்துக்கு சுமார் 350 மில்லிலிட்டர் தண்ணீரே சிலிக்காத் தூசியை 72 முதல் 90 சதவீதம் வரை குறைத்தது. ஆறு மணி நேரம் இடைவிடாமல் உடைத்தாலும் 126 லிட்டர். எட்டுக் குடம் தண்ணீர். வெட்டி முடித்த குவாரிக் குழிகளில் மழைக்குப் பின் தேங்கிக் கிடப்பது இதை விடப் பல மடங்கு.

அந்த நாசிலை வைத்து முந்தைய கணக்கை மறுபடி போட்டால்: தண்ணீர் தூசியை 80 சதவீதம் அமுக்கிவிட்டது என்போம், 100 பங்கு 20 ஆயிற்று. அதற்கு மேல் அரை முக மாஸ்க். தொழிலாளி ஷிப்டில் முக்கால் பங்கு நேரம்தான் போட்டார், கால் பங்கு நேரம் கழற்றிவிட்டார். அப்போதும் அவர் நுரையீரலுக்குப் போவது 6.5 பங்கு. தண்ணீர் இல்லாமல், நாள் முழுக்க ஒரு நொடிகூடக் கழற்றாமல், முட்ட முட்ட மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு நின்றவருக்குப் போவது 10.